கார்புரேட்டர் கெட்டுவிட்டதா? காசைக் கொடுக்கும் முன் கொஞ்சம் கவனியுங்கள்!

அதிகாலை 4.30 மணி. தாராவி 90 அடி சாலையில் கடைகள் இன்னும் திறக்கவில்லை. ஆனால் எங்கள் சந்தில் அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கும். இட்லி அவியும் வாசனை வரும். சற்று நேரத்தில் ஒரு சத்தம் கேட்கும்.

'டுக்... டுக்... டுக்...'

பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் புல்லட் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தம் அது. பின்னால் இட்லிப் பாத்திரம், பக்கத்தில் சாம்பார் தூக்கு, முன்னால் சட்னி வாளி. சயான் வழியாகச் செம்பூர் போவார். ஆபீஸ் போகிறவர்கள் ஸ்டேஷனுக்கு வரும் முன் அங்கே இருக்க வேண்டும். ஒன்பதரை மணிக்கு மேல் அவரிடம் இட்லி வாங்க ஆள் கிடையாது.

போன மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு நாள் அந்தப் புல்லட் சயான் சிக்னலில் நின்றுவிட்டது. உதைத்தார், உதைத்தார், கிளம்பவில்லை. கடைசியில் டெம்போ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. அன்று பாதி இட்லி வீட்டுக்கே திரும்பி வந்தது.

வண்டியைப் பார்த்த மெக்கானிக் இரண்டே நிமிடத்தில் சொல்லிவிட்டார். "கார்புரேட்டர் போச்சு. புதுசு மாத்தணும்." அவர் கேட்ட பணம் அண்ணாச்சியின் ஒரு வார வருமானம்.

"தம்பி, நீங்க ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க. பொறவு மாத்துவோம்" என்றார் அண்ணாச்சி.

நான் மெக்கானிக் அல்ல, ரயில்வே குமாஸ்தா. ஆனால் என் அப்பா மாட்டுங்கா ரயில்வே ஒர்க்ஷாப்பில் பிட்டராக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வண்டியைக் கழற்றும்போது ஸ்பேனர் எடுத்துக் கொடுத்து வளர்ந்தவன் நான். அந்தத் தைரியத்தில்தான் சம்மதித்தேன்.

ஊரிலிருந்து வந்த வண்டி

அந்தப் புல்லட் அண்ணாச்சியின் தகப்பனார் ஓட்டியது. அவர் காலமான பிறகு திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தில் கொட்டகைக்குள் இரண்டு வருடம் சும்மா நின்றது. பழைய இரும்புக்காரர்கள் வந்து விலை கேட்டார்கள். "அப்பா வண்டியை எடைக்குப் போட மனசு வரல" என்று ரயில் பார்சலில் மும்பைக்குக் கொண்டுவந்தார். புக்கிங் விவரம் சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

ரயிலில் மோட்டார் சைக்கிள் அனுப்பும்போது டேங்க் பெட்ரோலை முழுவதும் இறக்கிவிட வேண்டும். இது விதி. அண்ணாச்சியும் டேங்கைக் காலி செய்தார். ஆனால் கார்புரேட்டருக்குள் கிடந்ததை யாரும் நினைக்கவில்லை. இரண்டு வருடமாக அதற்குள் கிடந்த பெட்ரோல் காய்ந்து பிசினாகிவிட்டது. காலி டேங்கின் உட்புறத்திலோ துரு பிடித்தது. பழுதின் விதை அங்கேதான் விழுந்தது.

புல்லட் நம் ஊர்த் தயாரிப்பு என்பது பலருக்கும் தெரியும். 1955-ம் ஆண்டு மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் இங்கிலாந்தின் என்பீல்டு கம்பெனியும் சேர்ந்து 'என்பீல்டு இந்தியா'வைத் தொடங்கின. சென்னை திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பின்னாளில் இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்டது. திருவொற்றியூர் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்தே இங்கிலாந்துக்குப் புல்லட் ஏற்றுமதியானது!

தொடக்கத்தில் புல்லட்டில் இங்கிலாந்தின் 'அமல்' கார்புரேட்டர் இருந்தது. பிறகு வந்தது 'மிக்கார்ப்'. ஜப்பானின் மிக்குனி கம்பெனியின் தொழில்நுட்பத்தில் நம் நாட்டில் செய்யப்பட்டது. அண்ணாச்சியின் வண்டியிலும் அதுதான்.

2020 ஏப்ரல் முதல் தேதி பி.எஸ்.6 என்னும் புகைக் கட்டுப்பாடு விதி வந்தது. அதோடு புது மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணுப் பெட்ரோல் ஊசி பிடித்துக்கொண்டது. ஆனால் தாராவியிலும் செம்பூரிலும் பால், பேப்பர், இட்லி, துணி மூட்டை சுமக்கும் பழைய வண்டிகளில் கார்புரேட்டர்தான் இன்னும் உழைக்கிறது.

உள்ளே என்னதான் நடக்கிறது?

கார்புரேட்டரின் வேலை ஒன்றே ஒன்றுதான். காற்றையும் பெட்ரோலையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்குக் கொடுப்பது. 1 கிலோ பெட்ரோல் எரிய ஏறக்குறைய 15 கிலோ காற்று வேண்டும். லிட்டர் கணக்கில் சொன்னால் 1 லிட்டர் பெட்ரோலுக்குச் சுமார் 9 ஆயிரம் லிட்டர் காற்று!

கார்புரேட்டரின் கழுத்து நடுவில் குறுகியிருக்கும். குறுகிய இடத்தில் காற்று வேகமாகப் பாயும். பாயும் இடத்தில் அழுத்தம் குறையும். உடனே கீழே கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் சிறு துளை வழியாக மேலேறி, தூவானமாகக் காற்றில் கலக்கும்.

கிண்ணத்தில் ஒரு மிதவை உண்டு. வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் பந்து மிதப்பதுபோலத்தான். பெட்ரோல் நிறைந்தால் மிதவை ஏறி வழியை அடைக்கும். குறைந்தால் இறங்கித் திறக்கும்.

பெட்ரோல் போகும் வழி மூன்று. வண்டி நின்று ஓடும்போதும், ஆக்சிலரேட்டரைக் கொஞ்சம் திருகும்போதும் 'பைலட் ஜெட்' என்ற சின்னத் துளை வேலை செய்யும். நடு வேகத்தில் ஸ்லைடில் தொங்கும் ஊசி அளவு பார்க்கும். முழு வேகத்தில் 'மெயின் ஜெட்' கொடுக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. எந்த வேகத்தில் வண்டி தகராறு செய்கிறதோ, அந்த வழியில்தான் அடைப்பு.

அண்ணாச்சியின் வண்டி ஓட்டத்தில் நன்றாக ஓடியது. சிக்னலில் நிறுத்தினால் அணைந்தது. சோக் போட்டால் மட்டும் உயிர் வந்தது. அப்படியானால் சந்தேகம் யார் மேல்? பைலட் ஜெட் மேல்தான்!

பழியெல்லாம் கார்புரேட்டருக்கா?

ஆனால் எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றக் கூடாது. என் அப்பா கடைசி வரை அதைத் தொடமாட்டார். முதலில் மற்றவற்றைப் பார்ப்பார்.

முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் கலவை சரி. கரிப் பிடித்துக் கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் பெட்ரோல் போதவில்லை. பழைய புல்லட்டில் கரண்ட் கொடுக்கும் 'பாயின்ட்' தேய்ந்தாலும் இதே தொல்லைதான் வரும். பாயின்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லி மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அடுத்து ஏர் பில்டர். மும்பைத் தூசியில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். காற்று குறைந்தால் பெட்ரோல் அதிகம் போனதுபோல ஆகும். கறும்புகை வரும். மைலேஜ் விழும்.

மூன்றாவது டேங்க் மூடி. அதில் காற்றுப் போக ஒரு சின்னத் துளை உண்டு. அது அடைத்தால் சில மைல் ஓடியதும் வண்டி நின்றுவிடும். மூடியைத் திறந்தால் 'ஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல வண்டி கிளம்பும். பழுது மூடியில், பழி கார்புரேட்டருக்கு!

நான்காவது, கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடம். அங்கே நட்டு தளர்ந்தாலோ பாக்கிங் கிழிந்தாலோ வெளிக்காற்று புகும். ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் எஞ்சின் வேகம் இறங்காமல் இரையும். அதற்காக நட்டை மூர்க்கமாக முறுக்கினால் விளிம்பு வளைந்து, ஒழுக்கு இன்னும் அதிகமாகும்.

இந்த நான்கையும் பார்த்தோம். நான்கும் சரி. இனிக் கழற்ற வேண்டியதுதான்.

மதினி போட்ட சத்தம்

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை பிடித்துக்கொண்டது. வண்டியைச் சந்தில் நிறுத்திவிட்டு, கார்புரேட்டரை மட்டும் கழற்றி வீட்டுக்குள் கொண்டு போனோம். பத்துக்குப் பத்து அறை. பழைய பேப்பரை விரித்து உட்கார்ந்தோம். கிண்ணத்தின் திருகில் நான் திருப்புளியை வைத்ததுதான் தாமதம்...

"என்ன காரியம் செய்யுதிய? சாம்பார் கொதிச்சுக்கிட்டு கெடக்கு. பெட்ரோலை எடுத்துக்கிட்டு மொதல்ல வெளியே போங்க!" என்று மதினி போட்ட சத்தத்தில் இருவரும் எழுந்துவிட்டோம்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவும். அடுப்பு எட்டடி தள்ளியிருந்தாலும் தேடிப் போய்த் தீயைத் தொடும். அந்த அறையில் இரண்டு குழந்தைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு குடும்பம். நம் சந்துகளில் ஒரு வீட்டில் பற்றினால் ஒரு வீட்டோடு நிற்காது.

எனவே வாசகர்கள் மற்றதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். கார்புரேட்டர் வேலையை வீட்டுக்குள் செய்யவே கூடாது. திறந்த வெளியில், பகல் வெளிச்சத்தில், எஞ்சினும் சைலன்சரும் நன்றாக ஆறிய பிறகே தொட வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட், சாமி விளக்கு எதுவும் கூடாது. ஒரு வாளி மணல் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் தீ மிதந்து பரவும், மணல்தான் அடக்கும். வாயால் பெட்ரோலை உறிஞ்சவும் கூடாது.

மழை விட்டதும் வெளியே வந்து வேலையைத் தொடங்கினோம்.

கழற்றும் முறை

வேண்டியவை அதிகமில்லை. சரியான அளவுத் திருப்புளி, இரண்டு ஸ்பேனர், ஒரு வெள்ளைக் கிண்ணம், பழைய பனியன் துணி, சைக்கிள் பம்ப், கார்புரேட்டர் கழுவும் ஸ்பிரே டின். ஒரு காகிதமும் பென்சிலும் மிக அவசியம். கழற்றிய வரிசையை எழுதி வைத்தால் மாட்டும்போது தவிக்க வேண்டாம்.

முதலில் பெட்ரோல் குழாயை மூட வேண்டும். ரப்பர் குழாயைக் கழற்றி, கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வையுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாகத் தெரியும். இந்தச் சோதனையை அன்று நாங்கள் செய்யவில்லை. அதன் பலனைப் பிறகு அனுபவித்தோம்.

மேல் மூடியைத் திருகினால் ஸ்லைடும் ஊசியும் கேபிளோடு வெளியே வரும். ஊசியின் தலையில் பெரும்பாலும் ஐந்து வெட்டுகள் இருக்கும். கிளிப் எந்த வெட்டில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கிளிப்பைக் கீழ் வெட்டுக்கு இறக்கினால் ஊசி உயர்ந்து பெட்ரோல் அதிகம் போகும். மேலே ஏற்றினால் குறையும்.

பக்கவாட்டில் உள்ள ஏர் ஸ்குருவைக் கழற்றும் முன், அது மெதுவாக உட்காரும் வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதுங்கள். அழுத்தி முறுக்கினால் அதன் கூர் நசுங்கிவிடும்.

அடியில் உள்ள கிண்ணத்தைத் திறந்தோம். அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. அடியில் செங்கல் பொடிபோலத் துரு. ஓரமெல்லாம் பழுப்புப் பிசின். பைலட் ஜெட்டைக் கழற்றி வானத்தைப் பார்த்துப் பிடித்தேன். ஜெட்டின் துளை மயிரிழை போன்றது. சுத்தமாக இருந்தால் ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிய வேண்டும். ஒன்றும் தெரியவில்லை. முழு இருட்டு!

ஒரு வாரச் சம்பாத்தியத்தைக் கேட்ட பழுது இந்த இருட்டுத்தான்.

"கம்பி வச்சுக் குத்துவோமா?" என்றார் அண்ணாச்சி. கூடவே கூடாது. ஜெட் பித்தளையால் ஆனது. இரும்புக் கம்பி பட்டால் துளை பெரிதாகிவிடும். பிறகு வண்டி பெட்ரோலைக் குடிக்கும். ஸ்பிரே அடித்து ஊற வைத்து, சைக்கிள் பம்ப் காற்றால் ஊத வேண்டும். ரப்பர் வளையங்களையும் மிதவையையும் ஸ்பிரேயில் நனைக்கக் கூடாது. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்று முறை ஊற வைத்து ஊதினோம். நான்காவது முறை பிடித்துப் பார்த்தபோது நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். மதினியும் வாங்கிப் பார்த்தார்.

மிதவையைக் காதருகே ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே 'களக்' என்று சத்தம் வந்தால் ஓட்டை விழுந்து பெட்ரோல் புகுந்திருக்கிறது என்று பொருள். அதை மாற்றத்தான் வேண்டும். நிறுத்திய வண்டியில் கார்புரேட்டர் சொட்டினால், ஒன்று மிதவை ஓட்டை, அல்லது அது தள்ளும் ஊசி வால்வில் தூசி.

மாட்டும்போது ஓர் எச்சரிக்கை

ஸ்லைடின் ஒரு பக்கம் கீழே வெட்டப்பட்டிருக்கும். அந்த வெட்டு ஏர் பில்டர் பக்கம் இருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஸ்லைடு திறந்தபடியே மாட்டிக்கொண்டு, எஞ்சின் முழு வேகத்தில் அலறும் ஆபத்து உண்டு. எனவே எஞ்சினைக் கிளப்பும் முன் ஆக்சிலரேட்டரைத் திருகி விட்டுப் பாருங்கள். 'டக்' என்று ஸ்லைடு கீழே விழும் சத்தம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் வண்டியை உதைக்காதீர்கள்.

ஏர் ஸ்குருவை எழுதி வைத்த சுற்றுக்கே வையுங்கள். குறிப்பு இல்லாவிட்டால் ஒன்றரைச் சுற்றிலிருந்து தொடங்கலாம். எஞ்சின் சூடான பிறகு அதை மெதுவாக இப்படியும் அப்படியும் திருகினால் ஓர் இடத்தில் எஞ்சின் சீராக, வேகமாக ஓடும். அதுதான் சரியான இடம். பிறகு ஸ்லோ ஸ்குருவால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

கழுவிய பெட்ரோலைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். யாரோ எறியும் தீக்குச்சிக்கு அது காத்திருக்கும். மூடிய டப்பாவில் பிடித்துக் கேரேஜில் கொடுத்துவிடுங்கள்.

அன்று மாலை அண்ணாச்சி உதைத்தார். மூன்றாவது உதையில் கிளம்பியது. சோக்கை எடுத்தார். நிற்கவில்லை.

மறுபடியும் நின்றது!

கதை இதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பன்னிரண்டு நாள் கழித்து, கொட்டும் மழையில், வண்டி மறுபடியும் நின்றது. "உங்க வைத்தியம் அவ்வளவுதானா தம்பி?" என்று அண்ணாச்சி கேட்கவில்லை. ஆனால் அவர் முகம் கேட்டது.

இந்த முறை முதலில் பாட்டிலில் பெட்ரோல் பிடித்தோம். அடியில் இரண்டு விரல்கடை தண்ணீர்! மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. இரவெல்லாம் பெய்த மழை உள்ளே இறங்கியிருக்கிறது. கூடவே துருவும் வந்திருக்கிறது.

தவறு என்னுடையது. கார்புரேட்டரைக் கழுவினேன். அதற்கு அழுக்கை அனுப்பிய டேங்கைக் கழுவவில்லை. கிணற்றில் அழுக்கிருக்கக் குடத்தை மட்டும் தேய்த்தால் தண்ணீர் தெளியுமா?

டேங்கை இறக்கிக் கழுவினோம். மூடிக்குப் புது ரப்பர், பெட்ரோல் குழாயில் ஒரு சின்னப் பில்டர் போட்டோம். சில்லறைச் செலவுதான். இரவில் டேங்க் மேல் பிளாஸ்டிக் தாள் கட்டுவது வழக்கமாயிற்று.

இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல. எனவே பழைய ரப்பர் குழாய் உப்பியிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். ஊருக்குப் போகும்போது ஒரு மாதம் வண்டி நிற்கும் என்றால், பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, எஞ்சின் தானாக அணையும் வரை ஓட விடுங்கள். கிண்ணம் காலியாகிவிடும். பிசின் பிடிக்காது.

2005 ஜூலை 26-ந் தேதியை மும்பைவாசிகள் மறக்க முடியாது. சாந்தாகுருசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை! அப்படி வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை உடனே உதைக்கக் கூடாது. எஞ்சினுக்குள் புகுந்த தண்ணீர் அமுங்காது. உள்ளே இருக்கும் கம்பிதான் வளையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, எஞ்சின் ஆயிலை மாற்றி, பிறகே கிளப்ப வேண்டும். அது மெக்கானிக் வேலை.

மெக்கானிக்குகள் எல்லோரும் ஏமாற்றுகிறவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஸ்லைடு தேய்ந்து ஆடினால், ஜெட் மாட்டும் மரை கெட்டால், விளிம்பு வளைந்தால், அனுபவசாலி கை வேண்டும். சில சமயம் புதுக் கார்புரேட்டரே வேண்டியிருக்கும். ஆனால் "எந்த ஜெட் அடைத்திருக்கிறது? கழற்றிக் காட்டுங்கள்" என்று கேட்கும் ஆளிடம் யாரும் இரண்டு நிமிடத்தில் தீர்ப்புச் சொல்லமாட்டார்கள்.

அதற்குப் பிறகு மழைக்காலம் முழுவதும் அண்ணாச்சி ஒரு நாளும் தாமதமாகப் போகவில்லை. மிச்சமான பணத்தில் மூத்த மகளுக்குப் பள்ளிக்கூடப் பையும் மழைக்கோட்டும் வாங்கினார். எனக்கும் கூலி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆறு இட்லி! எவ்வளவு மறுத்தாலும் மதினி விடுவதில்லை.

காலை 4.30 மணிக்கு 'டுக்... டுக்...' என்ற சத்தம் இப்போதும் என்னை எழுப்புகிறது.